பரிமாற்றம் என்ற பெயரில்

பெரியவர் நுழைந்த வேகத்தில் மேஜை மேலிருந்த உலக உருண்டை தானாகவே இரண்டு சுற்று சுற்றி நின்றது. இளைஞர்களை நாடு விட்டு நாடு அனுப்பி, குடும்பங்களோடு தங்க வைக்கும் அலுவலகம் அது.

"கலாசாரப் பரிமாற்றம்னு சொல்லி என்னம்மா பண்றீங்க? மூணு வாரமா சாப்பிட்ட தட்டைக் கழுவ வைக்கறாங்க. துணி துவைக்கணும், காயப் போடணும், மடிக்கணும். நேத்து பாத்ரூமும் தேய்ச்சாச்சு."

பொறுப்பாளர் அம்மாவுக்கு ரத்தம் கொதித்தது. ஊர் பார்க்க, மொழி பழக என்று அனுப்பினால் வீட்டு வேலைக்கு ஆள் பிடிப்பதா? இதற்காகவா ஒவ்வொரு வீட்டையும் சல்லடை போட்டுச் சலித்தார்?

"முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே சார்?"

"சொன்னா, கை என்ன வாடகைக்கா போயிருக்குன்னு கேக்கறாங்க."

"அந்த வீட்டை இப்பவே பட்டியல்லேருந்து தூக்கறேன்."

"தூக்குங்க. புண்ணியமாப் போகும்."

அம்மா தொலைபேசியை எடுத்தேவிட்டார். "உங்க பொண்ணு எந்த நாட்டுல இருக்கா?"

"எந்தப் பொண்ணு? எங்களுக்குப் பிள்ளையே இல்லை. வெளிநாட்டுலேருந்து எங்க வீட்டுக்கு ஒருத்தியை அனுப்பினீங்களே, அவ வந்து என் வீட்டுக்காரியைக் கிளப்பிவிட்டுட்டா. கழுவறது நான்தாம்மா. முப்பத்தஞ்சு வருஷமா தட்டை நகர்த்தினவன்கூட இல்லை."

அம்மாவின் கொதிப்பு ஆறவில்லை. அது யார் மேல் என்பது மட்டும் மாறிவிட்டது. தொலைபேசியை நங்கென்று வைத்துவிட்டு, முகவரி கேட்டு அந்த வீட்டுக் கோப்பை எடுத்துப் பிரித்தார்.

"உங்க வீட்டம்மா காலையிலேயே எழுதிக் கொடுத்திருக்காங்க சார். 'அந்தப் பொண்ணுக்கு மூணு மாசம் பத்தாது, நீட்டிச்சுக் குடுங்க. இவர் இன்னும் சமையல் பாடத்துக்கே வரலை.'"