வரைந்த சன்னல்

ஒரு மேஸ்திரி சொன்னதாக நண்பர் ஒருவர் எனக்குச் சொன்ன கதை இது.

ஐரோப்பாவில், முன்னூறு ஆண்டுகளுக்கு முந்தைய பரோக் காலத்துப் பிரபு ஒருவரின் அரண்மனை முகப்பில் இடப்பக்கம் ஏழு சன்னல்கள், வலப்பக்கம் ஆறு. இரண்டும் ஒத்துவர, வலப்பக்கச் சுவரில் ஏழாவதை வண்ணத்தில் வரைந்தார்கள்.

“எங்கே, திறந்து காட்டு பார்ப்போம்!” என்று பக்கத்துச் சன்னல் சீண்டும்.

“கண்ணாடியத் துடைச்சுவிடுன்னு நான் யார்கிட்டயும் கெஞ்சினதில்லக்கா” என்று வரைந்த சன்னல் நிமிர்ந்து சொல்லும்.

ஒருநாள் புதுப் பிரபு அதை இடித்துவிட்டு நிஜச் சன்னல் வைக்கச் சொன்னார். வரைந்த சன்னலுக்குப் பாதி உயிர் போய்விட்டது. வேலைக்கு வந்த மேஸ்திரி சுவரைத் தட்டிப் பார்த்தார். “பெரிய மாடிப்படி இந்தச் சுவர்லதான் நிக்குது, ஐயா. இடிச்சா விழுந்துடும்” என்றார். பிரபு விட்டுவிட்டார்.

“கேட்டியாக்கா? மாடிப்படியையே நான்தான் தாங்குறேன்!” என்றது வரைந்த சன்னல்.

பிறகு விசாரித்தேன். அக்கால மாளிகைகளில் அப்படிச் சன்னல் வரைவது வழக்கம்தான். சாயத்தின் கனம் ஒரு தாளளவு இருக்கும்.