வெற்றுக் குமிழி
படக்கதையின் பேச்சுக் குமிழிகளுக்குள் வசனம் எழுதுவது மிரியமின் வேலை. நியூயார்க்கில் கப்லான் தொடங்கிய பதிப்பகத்தின் மூன்றாவது இதழில் ஒரு குமிழியை அவள் நிரப்ப மறந்துவிட்டாள். வெள்ளத்திலிருந்து மீட்கப்பட்ட பெண், தன்னைத் தூக்கி வந்த மாவீரனைப் பார்த்து வாய் திறக்கிறாள். தலைக்கு மேல் வெறும் வெள்ளை. இதழ் அச்சாகிக் கடைகளுக்கும் போய்விட்டது. வேலை போனதென்றே நினைத்து மிரியம் பேனாக்களைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தபோது கப்லான் ஓர் அஞ்சலட்டையை நீட்டினார்.

"உனக்குத்தான்மா வந்திருக்கு. படி."

கோணல்மாணலான பென்சில் எழுத்து. 'எனக்குப் பேச வராது. என்னை மாதிரி ஒருத்தியைப் புத்தகத்தில் இப்போதுதான் பார்க்கிறேன். அவளையும் காப்பாற்றினீர்களே, நன்றி.'

மிரியம் பேனாக்களைப் பெட்டியிலிருந்து எடுத்துத் திரும்ப மேசையில் வைத்தாள்.

அடுத்த இதழிலும் அந்தப் பெண் வந்தாள். கதாசிரியர் அவளுக்கு நான்கு வரி வசனம் கொடுத்திருந்தார். மிரியம் குமிழியை மட்டும் அழகாக வரைந்து, மை காய்ந்ததும் பக்கத்தைக் கப்லானிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் வெறுமையாக இருந்த குமிழியை விரலால் தொட்டுக் காட்டினார்.

"கதாசிரியர் கேட்டா என்னம்மா சொல்றது?"

"நான் மறுபடியும் மறந்துட்டேன்னு சொல்லுங்க."