இலவச மூட்டை

“அண்ணி கை வெச்சா எதுதான் உருப்பட்டிருக்கு? என் பொண்ணு நாடகத்துல நடிச்ச படம் அத்தனையும் போச்சு.”

நாத்தனார் இதை மூன்றாவது முறையாக, ஒரு சொல் மாறாமல் சொன்னாள். ஃபோனில் இடமில்லை, அண்ணன் கம்ப்யூட்டர்தான் பத்திரம் என்று மொத்தப் படங்களையும் இங்கே போட்டு வைத்தவள் அவள். இன்று எதுவும் திறக்கவில்லை. திரையில், பணம் கட்டினால்தான் திறப்பேன் என்று ஒரு சிவப்புக் கட்டம்தான் பல்லை இளித்தது.

“எவனோ அனுப்பின ஜிப் ஃபைலைத் திறந்திருக்கீங்க. ஆயிரம் சமையல் குறிப்பு இலவசம்னு போட்டிருந்தானா?”

“ஏதோ இலவசம்னுதான் போட்டிருந்தான்,” என்றாள் அண்ணி, துணி மடித்தபடி.

“ஒரு ஆபீஸையே காவல் காக்கறவர் வீட்டுல இப்படியா? நீயே சொல்லுண்ணா.”

கம்ப்யூட்டர் பாதுகாப்பு அதிகாரியான அண்ணன் வழுக்கையைத் தடவிக்கொண்டார். மனைவி இருந்த திசையை விட்டுவிட்டு மற்ற எல்லாத் திசையிலும் பார்த்தார்.

“ஜிப் ஃபைல்ங்கிறது கட்டி வந்த மூட்டை. அதைப் பிரிக்கிற மென்பொருள் பழசா இருந்தா ஓட்டை இருக்கும். நாம ஹால்ல வெச்சுத்தான் பிரிப்போம். உள்ளேருந்து ஒருத்தன் நழுவிப் போய் பீரோவுக்குள்ள உட்கார்ந்துப்பான். மறுநாள் கம்ப்யூட்டரைப் போட்டதும் கைவரிசையைக் காட்டுவான். புதுப்பிச்சுக்கோங்கன்னு ஆபீஸ்ல தொண்டை கிழியக் கத்தறேன்.”

“கேட்டுக்கோங்க அண்ணி.”

“கேட்டுட்டேதான்மா இருக்கேன்.”

வாய் வரை வந்ததை மென்று விழுங்கிவிட்டு, அண்ணி தையல் டப்பாவைத் திறந்தாள். ஊசி, நூல்கண்டுக்கு அடியிலிருந்து ஒரு பென் டிரைவ் வந்தது.

“படம் வந்த அன்னைக்கே ஒரு நகல் எடுத்து வெச்சேன். ஒண்ணுகூடக் குறையலை. எடுத்துட்டுப் போ.”

நாத்தனாருக்குப் போன உயிர் திரும்பியது. கூடவே நாக்கும்.

“இனிமே அண்ணன் கம்ப்யூட்டர் பக்கமே போகாதீங்க அண்ணி. அவன் மானம் போகுது.”

“சரிம்மா.”

அவள் செருப்புச் சத்தம் மாடிப்படி இறங்கி ஓயும்வரை அண்ணி காத்திருந்தாள். அதற்குள் அண்ணன் செய்தித்தாளை அகல விரித்துவிட்டார்.

“ஏங்க.”

செய்தித்தாள் இன்னும் ஒரு சாண் உயர்ந்தது.

“‘வழுக்கையில் முடி வளர நூறு வழிகள்’னு அடுத்த மூட்டை வந்தா, அதைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி, ஆறு மாசமா ‘அப்புறம் பார்க்கலாம்’னு தள்ளி விட்டுட்டிருக்கீங்களே, அந்த மென்பொருளைப் புதுப்பிச்சுடுங்க.”