தொண்ணூற்றிரண்டாவது சில்லு

அன்று ஹெராக்ளிஸ் கோயில் முற்றத்தில் இருந்தவர்கள்: ஊர்த்தலைவர், அறிவிப்பாளர், வாக்கு எண்ண நான், குற்றம் சாட்டிய யூதியாஸ், குற்றம் சாட்டப்பட்ட பிலினோஸ், பணக்காரர் தீக்கோன், மற்றவர்கள் நாற்பத்தொரு பேர். ஆக நாற்பத்தேழு.

"இவன் அம்மா ஏதென்ஸ்காரியே இல்ல. திரேஸ் நாட்டுக்காரி! இவன் பேரை ஊர்ப் பட்டியல்லேர்ந்து அடிங்க!" என்று கத்தினான் யூதியாஸ்.

அப்பா, அம்மா இருவரும் ஏதென்ஸ்காரர்களாக இருந்தால்தான் பட்டியலில் பெயர் இருக்கும். பெயர் போனால் நிலமும் போகும். நகர நீதிமன்றத்தில் முறையிட்டு, அங்கேயும் தோற்றால் அடிமையாக விற்றுவிடுவார்கள்.

பிலினோஸ் அவன் பக்கம் ஓரடி நெருங்கினான். "அண்ணே, போர்க்கப்பல்ல ஒரே பலகையில உட்கார்ந்து துடுப்பு போட்டோமேண்ணே..."

யூதியாஸ் அவனைத் திரும்பியே பார்க்கவில்லை.

"சாட்சி எங்கய்யா?" என்றார் தலைவர்.

"மீன்காரி சொன்னா."

"எங்க அவ?"

"செத்துப்போயிட்டா. சாட்சி எதுக்கு? இவன் மூக்கைப் பாருங்க!"

"மூக்குதான் கணக்குன்னா முதல்ல உன்னையில்ல நாடு கடத்தணும்!" என்றது ஒரு குரல். முற்றமே சிரித்தது.

தீக்கோன் மட்டும் சிரிக்கவில்லை. "அவசரக்குடுக்கை! அடுத்த மாசம் நானே மூணு சாட்சியோட வந்திருப்பேன். காரியத்தையே கெடுத்துட்டான்" என்று என் பக்கத்தில் நின்று பல்லைக் கடித்தார். பிலினோஸின் நிலத்துக்கு அடுத்த நிலம் அவருடையது.

பிலினோஸைத் தவிர மற்ற நாற்பத்தாறு பேருக்கும் ஆளுக்கு இரண்டு வெண்கலச் சில்லு கொடுத்தேன்; ஒன்றின் நடுவில் துளை இருக்கும், மற்றதில் இருக்காது. துளைச் சில்லு போட்டால் பெயரை நீக்கு என்று அர்த்தம். துளையில்லாததைப் போட்டால் பெயர் இருக்கட்டும். வாக்கை வெண்கலச் சாடியில் போட வேண்டும், மிச்சத்தை மரச்சாடியில். நடுவை விரலால் மூடிக்கொண்டுதான் போடுவோம். யார் எதைப் போட்டார் என்று பெற்ற தகப்பனுக்கும் தெரியாது.

வெண்கலச் சாடியைக் கவிழ்த்து எண்ணினேன். துளையுள்ளது இருபத்து மூன்று. இல்லாதது இருபத்து மூன்று. சந்தேகத்தில் மறுபடியும் எண்ணினேன். அதேதான்.

தலைவர் எழுந்தார். "சரிபாதி. சரிபாதின்னா குற்றம் சாட்டப்பட்டவன் பக்கம்தான் தீர்ப்பு. பிலினோஸ் நம்ம ஊர்க்காரன். நம்ம சட்டப்படி ஒரே குற்றச்சாட்டை ரெண்டாம் தடவை எடுக்க முடியாது. இனி இதை எவனும் பேசக் கூடாது."

தீக்கோன் எழுந்து போய்விட்டார். பிலினோஸ் தரையில் உட்கார்ந்து அழுதான். போகிறவர்களில் நாலு பேர் யூதியாஸின் காலடியில் துப்பிவிட்டுப் போனார்கள்.

நான் சில்லுகளைப் பெட்டியில் அடுக்கினேன். தொண்ணூற்றிரண்டு இருக்க வேண்டும். தொண்ணூற்றொன்றுதான் இருந்தது. மரச்சாடியில் ஒன்று குறைந்தது.

"பெரியவரே..." யூதியாஸ் மட்டும் இன்னும் போகாமல் நின்றான். "மிச்சத்தை மரச்சாடியில போட மறந்துட்டேன்."

வியர்த்த உள்ளங்கையை விரித்தான்.

அவனிடம் மிச்சமிருந்தது ஒரே ஒரு சில்லு. நடுவில் துளை.