இரண்டு பேருக்கு இரண்டு கோயில்

இரண்டு பேரில் ஒருத்திதான் குற்றவாளி. அதில் சிந்துவுக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை.

பெரம்பலூர் லேடீஸ் ஹாஸ்டலில் சிந்து, வினோதினி, ஃபர்ஹா மூவருக்கும் ஒரே அறை. ஒரே மருந்துக்கடையில் வேலை, ஒரே டப்பாவில் சாப்பாடு. அப்படிப் பழகிய இருவரில் ஒருத்தி சிந்துவின் அப்பாவுக்குப் போன் போட்டுக் காட்டிக்கொடுக்கிறாள் என்றால் வயிறு எரியாதா?

முத்தமிழ்செல்வனைக் கட்டிக்கொள்ளச் சிந்து இரண்டு முறை கிளம்பி, இரண்டு முறையும் காரியம் கெட்டது. அரியலூர் பதிவாளர் ஆபீசிலும் சரி, சிறுவாச்சூர் கோயிலிலும் சரி, அப்பா அய்யாக்கண்ணு இவளுக்கு முன்னாலேயே வந்து நின்றார். அடிக்கவில்லை, திட்டவில்லை. டீ வாங்கிக் கொடுத்து ஹாஸ்டல் வாசலிலேயே இறக்கிவிட்டுப் போனார்.

அந்த அமைதியைப் பார்த்துத்தான் சிந்துவுக்குக் குலை நடுங்கியது. நல்லவேளை, செல்வன் வந்த பஸ் இரண்டு முறையும் லேட். இல்லாவிட்டால் அவனும் மாட்டியிருப்பான், பாவம்.

சாட்சிக்கு வருவதாக இருந்த இந்த இரண்டு பேரைத் தவிர விஷயம் வேறு யாருக்குத் தெரியும்?

அப்போதுதான் இன்ஸ்பெக்டர் காத்தாயி கைகொடுத்தாள். காத்தாயி நிஜ மனுஷி இல்லை, மாதம் ஒரு பாகமாக வரும் துப்பறியும் தொடரின் நாயகி. துப்பாக்கியைத் தொடமாட்டாள், யாரையும் கைநீட்டி அடிக்கமாட்டாள். எதிரே உட்கார்ந்து நாலு வார்த்தை பேசியே ஆளின் மனசைக் கொட்டிக் கவிழ்த்துவிடுவாள். ஹாஸ்டலில் அந்தப் புத்தகத்துக்கு அடிதடியே நடக்கும்.

"பொம்பள போலீஸ் கதையப் படிச்சுப் படிச்சு நீயும் ஒருநாள் லத்தியத் தூக்கப்போற பாரு" என்று செல்வன் கிண்டலடிப்பான். அவன் அதில் ஒரு பக்கம்கூடப் புரட்டியதில்லை.

புதிய பாகத்தில் காத்தாயி ஒரு தந்திரம் செய்திருந்தாள். தான் சந்தேகப்படும் ஆட்கள் ஒவ்வொருவரிடமும் ஒவ்வோர் இடத்தைச் சொன்னாள். எந்த இடத்துக்கு எதிரி வந்து நிற்கிறானோ, அந்த இடத்தைக் கேட்டவன்தான் துரோகி. சிந்து அந்தப் புத்தகத்தை மற்ற இருவர் கண்ணிலும் படாமல் பெட்டியின் அடியில் போட்டுப் பூட்டினாள்.

"திங்கக்கிழம ஒம்பது மணிக்குக் கீழப்பழுவூர் கோயில். மூச்சு விடாத" என்று வினோதினியிடம் குழாயடியில் சொன்னாள்.

"கங்கைகொண்ட சோழபுரம், ஒம்பது மணி. வினோதினிக்குக்கூடத் தெரியக் கூடாதுடி" என்று துணி மடித்துக்கொண்டிருந்த ஃபர்ஹாவிடம் சொன்னாள்.

"யா அல்லாஹ், மூணாவது தடவையாச்சும் நல்லபடியா முடியட்டும்" என்றாள் ஃபர்ஹா. என்னமாய் நடிக்கிறாள் என்று சிந்து பல்லைக் கடித்துக்கொண்டாள்.

செந்துறை ரோட்டுப் பிள்ளையார் கோயில் என்ற உண்மையான இடம் செல்வனுக்கு மட்டுந்தான் தெரியும். தாலி கட்டப்போகிறவனிடம் பொய் சொல்ல முடியுமா?

திங்கள் காலை பஸ்ஸில் உட்கார்ந்ததும் அம்மா புஷ்பவல்லிக்குப் போன் போட்டாள். "அப்பா எங்கம்மா?"

"விடிஞ்சதும் வண்டிய எடுத்துக்கிட்டுப் போனாரு. எங்கன்னு கேட்டதுக்கு வாயத் தெறக்கல."

அகப்பட்டாள் கள்ளி! யார் என்பதுதான் பாக்கி. ஒன்பது அடித்ததும் வினோதினியை அழைத்தாள்.

"எங்கடி இருக்க? கோயில்ல குருக்களும் நானும்தான் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு நிக்கிறோம்" என்றாள் வினோதினி.

"எங்கப்பா வந்தாரா?"

"இல்லியே. அவரு எதுக்குடி இங்க வரப்போறாரு?"

அப்படியானால் ஃபர்ஹா! ஆத்திரத்தோடு அவள் நம்பரை அழுத்தினாள்.

"கோயில் வாசல் பஸ் ஸ்டாப்புல நிக்கிறேன்டி. ஒனக்கு மாலையும் மல்லிப்பூவும் வாங்கி வெச்சிருக்கேன், சீக்கிரம் வா, வாடுது" என்றாள் ஃபர்ஹா.

"எங்கப்பா...?"

"காணோம். நானும் சுத்திச் சுத்திப் பாத்துக்கிட்டேதான் இருக்கேன்."

சிந்துவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தங்கமான பிள்ளைகள், அவர்களைப் போய்ச் சந்தேகப்பட்டோமே! சாயங்காலம் இரண்டு பேர் காலிலும் விழுந்துவிட வேண்டியதுதான் என்று நினைத்தபடி செந்துறை ரோட்டில் இறங்கினாள்.

பிள்ளையார் கோயில் வேப்பமரத்தடியில் அப்பாவின் வண்டி நின்றது. பக்கத்தில் அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சிந்து செல்வனைத் தேடி நாலு பக்கமும் பார்த்தாள்.

"ஏறும்மா, போவலாம். அவன் வரமாட்டான்."

"வருவாருப்பா. பஸ் லேட்டுன்னு இப்பதான் மெசேஜ் அனுப்புனாரு. தடுக்காதீங்க, ஒங்களக் கையெடுத்துக் கும்புடுறேன்."

அய்யாக்கண்ணு மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. "மொத தடவையே ஒங்கிட்ட சொல்லியிருக்கணும். எம்புள்ள மனசு தாங்காதுன்னுதான் வாயப் பொத்திக்கிட்டு இருந்துட்டேன்."

"என்னத்தப்பா?"

"மூணு தடவையும் எனக்குப் போன் பண்ணுனது அந்தப் பயதாம்மா."