இரவல் போன கத்தி

“என்ரை கத்தி எங்கையடி?”

ஏரம்பு போட்ட சத்தம் சண்டிலிப்பாயில் அந்த ஒழுங்கையின் கடைசி வீடுவரை கேட்டது. மனைவி பராசக்தி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.

“மகாதேவியக்கா இரவலா வாங்கிக்கொண்டு போட்டா. கோயில் அன்னதானத்துக்குப் பூசணிக்காய் வெட்டவாம்.”

“அப்ப கோடாலி?”

“அது ஹரோல்ட் மாஸ்ரர் கொண்டு போட்டார். விறகு கொத்தவாம்.”

பிரம்பைத் தவிர வேறொன்றையும் ஓங்கி அறியாத மாஸ்ரர் விறகு கொத்துகிறாராம்! பந்தல் கால் நடக் கிடங்கு வெட்ட வேண்டுமென்று இரும்பு அலவாங்கையும் ஒருவர் தூக்கிக்கொண்டு போயிருந்தார். ஏரம்பு தோட்டத்துக்குப் போயிருந்த நேரம் பார்த்து, காலையிலிருந்து அயலட்டைச் சனம் ஒவ்வொருவராக வந்து நின்றது. கேட்டதையெல்லாம் பராசக்தி உடனே எடுத்துக் கொடுத்தாள். உலக்கையைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பாள்.

பக்கத்து வளவில் பஞ்சலிங்கம் வேலிக்குப் புதுக் கதியால் தடிகள் நட்டுக்கொண்டிருந்தான். எல்லையை ஒரு முழம் தள்ளி நடுகிறான் என்று நேற்றே ஏரம்புவோடு வாய்ச்சண்டை முற்றிவிட்டது. ஏரம்புவின் அண்ணனும் இப்படி ஒரு வேலிச் சண்டையில்தான் ஆளை வெட்டிவிட்டு சிறைக்குப் போனான். உயிரோடு திரும்பவில்லை.

“கத்தி மட்டும் இருந்திருந்தா, உவன்ரை கை இப்ப நிலத்திலை கிடக்கும்!” ஏரம்பு முற்றத்துக்கும் வாசல் படலைக்குமாக நடந்து நடந்து கத்தினான்.

பின்னேரம் ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் வந்து நடுவில் நின்றார்கள். கிராம அதிகாரி விதானையார் வந்து அளக்கும்வரை ஒருவரும் வேலியில் கைவைப்பதில்லை என்று முடிவாயிற்று. பஞ்சலிங்கம் முணுமுணுத்தபடி கதியாலைப் பிடுங்கினான். ஏரம்பு மீசையை முறுக்கிவிட்டுச் சுருட்டுப் பற்றவைத்தான்.

பராசக்தி மகாதேவி வீட்டுக்கு ஓடினாள். கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டாள்.

“அக்கா, எல்லாருமாச் சேர்ந்து என்ரை தாலியைக் காப்பாத்திப்போட்டியள். உந்தப் புத்தி ஆருக்கு வந்தது? அந்த மனுசனுக்கு மட்டும் தெரிஞ்சுதோ, என்னை உயிரோடை விடாது!”

மகாதேவி சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“எங்களுக்கு எங்கையடி உந்தப் புத்தி? ‘அண்ணைக்கு வந்த கோபம்தான் எனக்கும். வீட்டிலை இருக்கிற ஆயுதமெல்லாத்தையும் இரவல் கேட்டு வாங்குங்கோ. நான் எப்பிடி ஏசினாலும் திருப்பித் தராதேயுங்கோ. என்ரை மனிசிக்கும் சொல்லிப்போடாதேயுங்கோ’ எண்டு விடியக்காலமை வீடுவீடாய் வந்து கும்பிட்டது உன்ரை மனுசன்தான்.”