சிவக்காத பட்டை

பிள்ளைகளின் மனசை மணிக்கட்டுப் பட்டை நிறத்தில் காட்டி, பெற்றோரின் போனுக்கும் அனுப்பிவிடுகிற காலம் அது. சந்தோஷம் என்றால் பச்சை, சங்கடம் என்றால் சிவப்பு. புதுப் பள்ளிக்கு மாறியும் மகள் பூங்கோதையின் பட்டை வருடம் முழுக்கப் பச்சையாகவே இருந்ததில் நிவேதாவுக்கு அத்தனை பெருமை. பள்ளியின் மனநல ஆலோசகர் சல்மாவோ அதைப் பார்த்துத்தான் இருவரையும் வரச் சொல்லியிருந்தார்.

“பூங்கோதை, எப்படிம்மா ஒரு நாள்கூட சிவக்கல?”

“மனசுக்குள்ள பதினேழாம் வாய்ப்பாடு சொல்லுவேன் மேடம். சிவந்துச்சுன்னா அம்மா ஆபீஸ்லயே அழுதுடுவாங்க.”

நிவேதாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“நான் அழுதா அழுதுட்டுப் போறேன்டி. வாய்ப்பாட்ட விட்டுட்டுச் சொல்லு. கிளாஸ்ல என்னதான் நடக்குது?”

“யாரும் எங்கூட உக்காந்து சாப்பிடமாட்டேங்கிறாங்கம்மா.”

பட்டை செக்கச் செவேலென்று சிவந்தது. நிவேதா அந்தக் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, கண்ணீரோடு, “அப்புறம்?” என்றாள்.